ஆறு வீட்டுக்கு ஒரு மீட்டர்

என் அண்ணியை எங்கள் கட்டடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மீட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொல்ல ஆரம்பித்தார்கள். அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மகாராணின்னு கூப்பிட்டா மட்டும் எவனாவது கிரீடம் வாங்கித் தரப் போறானா?" என்பாள்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக் கூடத்தில். தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத இடம். ஆள் உயர மெஷின்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். துணி உலர்த்தும் டிரம்மின் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கும். படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து சூடான உருளைக்குள் விட வேண்டும், கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும். விருந்தாளி தொட்டாரோ தொடவில்லையோ, அறையில் தொங்கும் துண்டைத் தினமும் எடுத்துத் துவைத்தாக வேண்டும். அது அங்கே சட்டம். ஒரு ஆளும் நடக்காத தாழ்வாரத்துக்குக்கூட ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். மின்சார விலை எகிறியபோது, 'நாலு பேருக்கு வேலை கொடுக்கிறார்கள்' என்று சொல்லி அந்த ஹோட்டலுக்குத் தனிச் சலுகை கொடுத்தது அரசு. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் கட்டடம் மூன்று மாடி. மாடிக்கு இரண்டு வீடு. முதல் மாடியில் அண்ணனும் அண்ணியும் ஒரு பக்கம், நானும் என் கணவரும் எதிர்ப்பக்கம். கீழே மாடிப்படிக்கு அடியில், உடைந்த சைக்கிளுக்கும் பழைய பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவே, ஒரே ஒரு மீட்டர். ஆறு வீட்டுக்கும் அது ஒன்றுதான். பில் வரும், வீட்டுக்காரர் ஆறால் வகுப்பார், நாங்கள் கட்டுவோம். பல வருஷம் அந்த மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் விலை ஏறியது. எங்கேயோ சண்டை, எண்ணெய் இல்லை, எரிவாயு இல்லை என்றார்கள். ஊரே கூச்சல் போட்டதும் அரசு இறங்கி வந்தது. இனி வீட்டு மின்சாரத்தின் விலைக்கு வரம்பு உண்டு, ஒரு குடும்பத்துக்கு இத்தனை யூனிட் வரை அந்த விலைக்கு மேல் ஒரு பைசா வாங்க மாட்டோம், அதற்கு மேல் எரித்தால்தான் சந்தை விலை என்று டிவியில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மேல்மாடி பேக்கரிக்காரர் வேலை முடிந்து வரும்போது ஒரு பெட்டி கேக் கொண்டுவந்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். அடுத்த பில் வந்தபோது கேக் தின்ற வாயெல்லாம் அப்படியே திறந்து நின்றது. பழைய பில்லைவிட இரண்டு மடங்கு!

அண்ணி பில்லை எடுத்துக்கொண்டு நேராக மின்சார அலுவலகம் போனாள். நானும் கூடப் போனேன். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினார்.

"இந்த விலாசத்துல ஒரு இணைப்பு. ஒரு இணைப்புன்னா ஒரு குடும்பம். அந்த வரம்பை நீங்க ரெண்டாவது வாரமே தாண்டிட்டீங்கம்மா. மிச்சமெல்லாம் சந்தை விலை."

"அங்க ஆறு குடும்பம் இருக்கு சார்."

"எங்க கணக்குல ஒண்ணுதான் இருக்கு."

"அப்ப நாங்க அஞ்சு குடும்பம் என்ன பேயா?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தனித்தனி மீட்டர் வேண்டுமென்றால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டுக்காரரிடம் போனோம். உங்கள் பெயரில் இணைப்பு கொடுத்தால் நாளைக்கு வீடே உங்களுடையது என்று வழக்குப் போடுவீர்கள், எனக்கு எதற்கு அந்த வம்பு என்றார் அவர். வாசலில் வைத்தே பேசி அனுப்பினார். திரும்பும்போது அண்ணி அவர் வீட்டுச் சுவரைக் காட்டினாள். மூன்று மீட்டர்! கீழ் வீட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, தோட்டத்து மோட்டாருக்கும் கார் ஷெட்டுக்கும் சேர்த்து ஒன்று. இருப்பது புருஷன், பெண்டாட்டி, ஒரு நாய். அந்த நாய்க்குக்கூட அரசாங்கம் விலை வரம்பு வைத்திருக்கிறது, எங்களுக்கு இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அண்ணி ஆறு வீட்டையும் மாடிப்படியில் உட்கார வைத்தாள். யார் யார் எதை எப்போது போடலாம் என்று சட்டம் போட்டாள். தண்ணீர் மோட்டாரை அவள் மட்டும்தான் போடுவாள். சுடுதண்ணீர் ஹீட்டர் யாருக்கும் கிடையாது. இஸ்திரிப் பெட்டி வாரத்துக்கு ஒரு நாள்தான், அதுவும் அவள் கையால்தான். இதில்தான் அவள் தொழில் தெரியும். ஆறு வீட்டுத் துணியையும் மூட்டையாக வாங்கிக்கொள்வாள். பெட்டி நன்றாகக் காய்ந்ததும் முதலில் பருத்தி, சூடு குறையக் குறைய நைலான், பிளக்கைப் பிடுங்கிய பிறகு மிச்சச் சூட்டில் கைக்குட்டைகள். ஒரே சூட்டில் மொத்தக் கட்டடமும் மடிப்புக் கலையாமல் வேலைக்குப் போகும். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மீட்டரைப் பார்த்து, வரம்பை எட்ட இன்னும் எத்தனை யூனிட் மிச்சம் என்று சாக்பீஸால் சுவரில் பெரிதாக எழுதிவைப்பாள். படியிறங்கும் ஒவ்வொருவரும் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பேக்கரிக்காரரின் பெண், பள்ளிக்கூடத்து மதிப்பெண் பட்டியலைவிட அந்தச் சுவரைப் பார்த்துத்தான் பயமாக இருக்கிறது என்று சொல்லும்.

இந்த விலை வரம்பு சரியா தவறா என்று அப்போது டிவியில் தினம் ஒரு சண்டை நடக்கும். ஒரு நிபுணர் வருவார். ஸ்டூடியோவில் கண் கூசும் அளவுக்கு விளக்கு, ஏசிக் குளிருக்கு ஒரு கோட்டு. "வரம்பு வைக்கிறதே தப்பு. விலை ஏறட்டும், அப்பதான் மக்கள் தேவையில்லாத உபயோகத்தைக் குறைப்பாங்க" என்பார். எதிரே ஆளுங்கட்சிக்காரர், எல்லாக் குடும்பத்திலும் விளக்கேற்றிவிட்டோம் என்று மார்தட்டுவார். எனக்கு இரண்டு பேர் மேலேயும் எதையாவது எடுத்து வீச வேண்டும்போல இருக்கும். வரம்பு வேண்டும். யார் கேட்டாலும் கத்திச் சொல்வேன். அரிசியையாவது குறைத்து உலை வைக்கலாம், இருட்டில் யாரும் பிள்ளையைப் படிக்க வைக்க முடியாது. ஆனால் வரம்பு வைப்பவன் எங்கள் படியேறி எத்தனை அடுப்பு எரிகிறது என்று எண்ணியிருக்க வேண்டுமா இல்லையா? மீட்டரை எண்ணினான், மனிதர்களை எண்ணவில்லை.

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பஸ் கட்டும் பட்டறையில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தவன். மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் அடித்தான். ஊரில் பாதிப் பஸ்ஸுக்கு நிறம் அவன் கொடுத்தது, மிச்சம் அவன் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. நுரையீரல் போய்விட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்து, பகலும் இரவும் போட்டே வைக்கச் சொன்னார்கள். ஒரு சின்ன பீரோ அளவு இருக்கும். சக்கரம் வைத்தது. ஒரு குழாய் அவன் மூக்குக்குப் போகும். புஸ், புஸ் என்று விட்டு விட்டுச் சத்தம் வரும். பின்பக்கத்திலிருந்து இளஞ்சூடாகக் காற்று வரும். அண்ணி அந்தக் காற்றையும் வீணாக்கவில்லை. மெஷினுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலி போட்டு, காலையில் அண்ணனுக்கு முகம் துடைத்த ஈரத்துண்டை அலசி அதில் விரித்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வரும்போது மொடமொடவென்று காய்ந்திருக்கும்.

கட்டடத்திலேயே அதிகம் மின்சாரம் தின்பது அந்த மெஷின்தான். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை. அண்ணி மற்றவர்களிடம் அத்தனை கண்டிப்பாக இருந்ததற்கும் அதுதான் காரணம். மெஷினுக்கு வேண்டிய யூனிட்டை ஆறு வீட்டின் சுவிட்சுகளிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். தன் வீட்டில் அவள் விளக்கே போட மாட்டாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் சமைப்பாள்.

அந்தப் பேச்சு ஒரு நாள் வந்தே விட்டது. பேக்கரிக்காரர் தலையிலிருந்து கால்வரை மாவோடு வந்து, குளிர் தாங்காமல் ஹீட்டரைப் போட்டிருக்கிறார். மீட்டர் சக்கரம் பறப்பதைப் பார்த்துவிட்டு அண்ணி மேல்மாடிக்கு ஏறினாள்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அணைங்க."

"ஒரே ஒரு வாளி தண்ணி, மீட்டரம்மா. உடம்பெல்லாம் மாவு."

"பச்சைத் தண்ணில போகாத மாவா உங்க பேக்கரி மாவு?"

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "எங்க வீட்டுச் சுவிட்சையெல்லாம் எண்ணுறீங்களே, ராத்திரி பகலா உங்க வீட்ல ஓடுதே ஒரு மெஷினு, அதை யாரு எண்ணுறது?"

அண்ணி ஹீட்டரை ஓட விட்டுவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டாள்.   பேக்கரிக்காரர் சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார் என்று அவர் மனைவி அப்புறம் சொன்னாள். கடித்து என்ன பயன்? முதல் மாடியில் கதவு திறந்திருந்தது. அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வாரத்திலிருந்து சுவரில் மிச்சம் கூடியது. வழக்கமாக மளமளவென்று இறங்கும் எண்ணிக்கை நின்று நிதானமாக இறங்கியது. அண்ணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பேக்கரிக்காரருக்கு ரோஷம் வந்து ஒழுங்காகிவிட்டார் என்று அவள் நினைத்தாள். மீட்டரம்மாவின் கெடுபிடி பலித்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். அந்தப் பில் முதல் முறையாக வரம்புக்குள் வந்தது. மறுபடியும் கேக் வந்தது. அண்ணி ஒரு கேக் துண்டை எடுத்துப் பேக்கரிக்காரர் கையிலேயே கொடுத்து, "அன்னிக்குப் பேசினதை மறந்துட்டேன். நீங்களும் மறந்துடுங்க" என்றாள். அவள் அப்படி இறங்கிவந்து நான் பார்த்ததே இல்லை.

ஒரே ஒரு குறைதான் சொல்லிக்கொண்டிருந்தாள், நாற்காலியில் விரிக்கும் ஈரத்துண்டு காயவில்லை என்று. "மழைக்காலம் வந்தாலே இப்படித்தான். எங்க லாண்டரியிலயும் எல்லாம் சொதசொதன்னு இருக்கு" என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். அண்ணனின் கால் வீங்கியிருப்பதைக் காட்டி நான் கேட்டபோது, "சும்மா உக்காந்தே இருந்தா வீங்காம என்னடி பண்ணும்?" என்று அவன் சிரித்தான்.

அடுத்த மாதம் மின்சார அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இந்தப் பகுதியில் உபயோகத்தை அதிகம் குறைத்த இணைப்பு எங்களுடையதாம். 'சிக்கன இல்லம்' என்று ஒரு பலகை மாட்டிப் படம் எடுக்க வருகிறார்களாம். ஒரே குடும்பம் என்று சொன்ன அதே அலுவலகம்தான். "வரட்டும். பலகை மாட்ட ஆணி அடிக்கிறப்ப ஆறு கதவையும் காட்டுறேன். படம் எடுத்துட்டுப் போய் மேல காட்டட்டும்" என்று அண்ணி திட்டம் போட்டாள். அதற்காகவே அவர்கள் வரும் நாளில் அரைநாள் லீவு எடுத்தாள். நானும் எடுத்தேன். மாடிப்படிக்கு அடியில் பெருக்க வேண்டும் என்று மத்தியானமே இரண்டு பேரும் வந்து சேர்ந்தோம். அண்ணனிடம் சொல்லவில்லை, சந்தோஷமாகத் திகைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

படியேறும்போதே ஏதோ குறைந்தது. அந்தப் புஸ் சத்தம் இல்லை. அண்ணி கடைசிப் படிகளை ஓடிக் கடந்தாள். ஜன்னலோரத்தில் இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, தோள் ஏறி இறங்க, அண்ணன் உட்கார்ந்திருந்தான். உதடு ஊதா நிறம். குழாய் ஒழுங்காகச் சுருட்டி மெஷின் மேல் வைக்கப்பட்டிருந்தது. பிளக் பிடுங்கியிருந்தது.

அண்ணி பிளக்கைச் செருகினாள். குழாயை அவன் மூக்கில் மாட்டினாள். இரண்டு முறை நழுவியது. மூச்சு வாங்க வாங்க அவன் கேட்டான்.

"நீ... சாயங்காலம்தானே வருவே?"

"எத்தனை நாளா?"

 தினமும் அவள் படியிறங்கியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்தம் தெருவில் கேட்டதும் திரும்பச் செருகியிருக்கிறான். அதை அவன் வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அண்ணி நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்தாள். இரண்டு கையாலும் பிழிந்தாள். தரையில் சொட்டியது. அந்த ஈரத்தைத்தான் அவள் இத்தனை வாரம் மழையின் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னால நீ பேச்சு கேட்கக் கூடாது. பகல்ல சும்மாதானே உக்காந்திருக்கேன்... குறைச்சுக்கலாம்னு பார்த்தேன்" என்றான் அண்ணன்.

டிவியில் அந்த நிபுணர் சொன்னது நடந்துவிட்டது, பார்த்தீர்களா? விலை ஏறினால் மக்கள் குறைப்பார்கள் என்றாரே, என் அண்ணன் குறைத்துவிட்டான். தேவையில்லாத உபயோகம் என்று அவன் கண்ணுக்குத் தெரிந்தது அவனுடைய மூச்சுதான்.

நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அண்ணி அண்ணனின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவன் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்ததும் என்னை அவனருகே உட்கார வைத்துவிட்டு எழுந்தாள். விளக்கைப் போட்டாள். தன் வீட்டில் இருந்த எல்லா விளக்கையும், மின்விசிறியையும். பிறகு எதிரே என் வீட்டுக்குள் போய்ப் போட்டாள். மேலே ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டி, கதவு திறந்ததும் உள்ளே போய்ச் சுவிட்சுகளைத் தட்டினாள். யாருக்கும் தடுக்கத் தைரியம் வரவில்லை. பேக்கரிக்காரர் வீட்டுக் குளியலறைக்கே போய் ஹீட்டரைப் போட்டுவிட்டு, "குளிங்க. நல்லாக் குளிங்க!" என்று கத்தியது எனக்குக் கீழே கேட்டது. பட்டப்பகலில் மூன்று மாடியும் எரிந்தது.

அந்த நேரம் பார்த்துப் பலகையோடு அதிகாரி வந்து சேர்ந்தார். கூட ஒரு கேமராக்காரர். அதிகாரி படிக்கட்டு விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

"என்னம்மா இது? பகல்லயே எல்லா லைட்டும் எரியுது?"

"மேல வாங்க சார்" என்றாள் அண்ணி.

அவரை முதல் மாடிக்கு அழைத்து வந்து அண்ணன் முன்னால் நிறுத்தினாள். "நீங்க தேடி வந்த சிக்கனம் இதுதான். இவரு மூச்சை நிறுத்தி வச்சுத்தான் உங்களுக்கு யூனிட்டு குறைஞ்சிருக்கு. பலகையை இவரு கழுத்துல மாட்டிப் படம் எடுங்க. ஏன் நிக்கிறீங்க, எடுங்க!"

கேமராக்காரர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டார். அதிகாரி, மெஷின் வைத்திருக்கும் நோயாளிகளுக்குத் தனிச் சலுகை இருக்கிறது, இணைப்பு நோயாளியின் பெயரில் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று முணுமுணுத்தார். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். ஒரு நாயை வைத்துக்கொண்டு அவர் எத்தனை மீட்டர் வைத்திருக்கிறார் என்பதையும் சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் பேக்கரிக்காரர் ஓடி வந்து, யாரும் கேட்காமலேயே அண்ணனைத் தூக்கிக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் மேலே வரும்வரை காத்திருக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. அழுதுகொண்டே இறங்கினார்.

இதயத்தின் ஒரு பக்கம் வீங்கிவிட்டது என்றார் டாக்டர். ஆக்சிஜன் இல்லாமல் அது அத்தனை நாள் முக்கி முக்கி அடித்திருக்கிறது. இனி பழையபடி ஆகாது. முன்பு ஜன்னல்வரை நடந்தவன் இப்போது கட்டிலோடு சரி.

பலகையை அட்டைப்பெட்டியோடு படிக்கு அடியில் விட்டுவிட்டுப் போனார்கள். அங்கேயே கிடக்கிறது. நடந்ததை எந்த டிவியும் காட்டவில்லை. வீட்டுக்காரர் எங்கள் போனை எடுப்பதில்லை. அண்ணி லீவு நாளெல்லாம் ஆறு வீட்டு விண்ணப்பத்தோடு அந்தக் கவுன்டரில் போய் நிற்கிறாள். இப்போது தனியாக நிற்பதில்லை, பேக்கரிக்காரரும் வேலை முடிந்த கையோடு, மாவோடே வந்து நிற்கிறார். பில் பழையபடி வரம்பைத் தாண்டித்தான் வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆறாக வகுத்துக் கட்டுகிறோம். யார் வீட்டில் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

சுவரை அண்ணி ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். ஆனாலும் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணன் தினமும் கேட்கிறான்.

"கீழ மிச்சம் எவ்வளவு எழுதியிருக்கே?"

"ஒண்ணும் எழுதல. பேசாம மூச்சு விடுங்க."

சொல்லிவிட்டு ஈரத்துண்டை அலசி நாற்காலியில் விரித்துவிட்டுப் போகிறாள். சாயங்காலம் வந்ததும் முதலில் அந்தத் துண்டைத்தான் தொட்டுப் பார்க்கிறாள். அப்புறம்தான் அண்ணன் முகத்தைப் பார்க்கிறாள்.